சட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா?

செங்கல்பட்டில் சிறுவர்களைச் சட்டப்படி அடைத்துவைக்கும் இடம் 1887-லேயே வந்துவிட்டது. 1876-ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின் கீழ் ஆங்கிலேய அரசு அதைத் தொடங்கியது. பிறகு பெயர்களும் சட்டங்களும் மாறின. இப்போது சிறப்பு இல்லம், கூர்நோக்கு இல்லம் என்கிறோம். அந்த ஊரின் அரசு இல்லத்துக்கு 2022 டிசம்பரின் கடைசி நாட்களில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ஆம் தேதி இறந்துபோனான். உடம்பு சரியில்லாமல் போனதாகத்தான் முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் காயங்கள் வெளிவந்த பிறகு அது கொலை வழக்கானது. 2023 ஜனவரியில் இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. அந்தக் குழு கூர்நோக்கு இல்லங்களைச் சீரமைப்பதற்கான அறிக்கையை 2023 நவம்பரில் முதலமைச்சரிடம் கொடுத்தது.

வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பையன் அந்த வாசலுக்குள் வந்ததும் அவன் உடம்பை யார் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும், எழுதியது உண்மைதானா என்று யார் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் குடியேறிகளை அடைத்துவைக்கும் மையங்களுக்கென்று தனி அரசு மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே மருத்துவ விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்கத் தனி ஊழியர்களும், அவர்களை மேற்பார்க்க ஒரு பதவியும் உண்டு. நம் ஊரில் இந்தப் பொறுப்பு பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. வந்துபோகும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆற்றுப்படுத்துநர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஆளுக்கொரு துண்டு. இதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற கை ஒன்று வேண்டும். அதைத்தான் இங்கே மேற்பார்வையாளர் என்கிறேன். அவர் அரசு மருத்துவராக இருக்கலாம், மூத்த செவிலியராகவும் இருக்கலாம்.

அவருடைய முதல் வேலை வாசலில் இருக்கிறது. இளைஞர் நீதி மாதிரி விதிகள் 2016, இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கின்றன. அவசரமென்றால் உடனே பார்க்க வேண்டும். இந்த 24 மணி நேரத்தைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர்கள் அதை அனுமதித்த அவகாசமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் வருகிறான், மருத்துவர் மறுநாள் காலை பதினொன்றுக்கு வருகிறார் என்றால் நடுவில் பதினான்கு மணி நேரம் ஓடிவிடும். அந்த இடைவெளிக்கென்று செவிலியர் செய்ய வேண்டிய முதல் பார்வையை மேற்பார்வையாளர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். ராத்திரிப் பணியில் செவிலியரே இல்லாத இல்லமென்றால் பையனை நேராக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். செங்கல்பட்டில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. தொலைவைச் சாக்குச் சொல்ல முடியாது.

அந்த முதல் பார்வை எப்படி நடக்க வேண்டும்? கூட்டிவந்த காவலர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். பையனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு, "தம்பி, சட்டையைக் கழட்டுப்பா, முதுகைப் பாத்துடறேன்." முதுகு, விலா, கைகளின் வெளிப்புறம், உள்ளங்கை, தொடையின் பின்பக்கம், பிட்டம், உள்ளங்கால். அடி விழுந்திருந்தால் பெரும்பாலும் உடுப்பு மறைக்கிற இடத்தில்தான் விழுந்திருக்கும். முன்புறம், பின்புறம் என இரண்டு மனித உருவம் அச்சிட்ட தாளில், பார்த்த ஒவ்வொரு காயத்தையும் அது இருக்கும் இடத்திலேயே குறிக்க வேண்டும். நீளம், நிறம், வீக்கம், தொட்டால் வலிக்கிறதா என்பதெல்லாம் வர வேண்டும். எப்படி ஏற்பட்டது என்று அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'கீழே விழுந்ததால்' என்று செவிலியரே ஒரு காரணத்தைப் போட்டுவிடக் கூடாது. காயமே இல்லையென்றாலும் 'பார்த்தேன், இல்லை' என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு தாள் பையனைக் காப்பாற்றும், நேர்மையான ஊழியரையும் காப்பாற்றும். பின்னால் ஒரு காயம் தெரிந்தால் அது வாசலுக்கு வெளியே விழுந்ததா உள்ளே விழுந்ததா என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

இந்தக் கட்டத்தைச் சும்மா கையெழுத்தாக முடித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சாத்தான்குளத்தை விடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. 2020 ஜூனில் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவருக்கும் காவலில் வைக்கலாம் என்று மருத்துவச் சான்று கொடுக்கப்பட்டது. கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை அப்பாவும் இறந்தார். நடந்து வருகிறார், பேசுகிறார், ஆகவே நன்றாக இருக்கிறார் என்று எழுதிவிடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை மேற்பார்வையாளர் தன் ஊழியர்களுக்கு மருத்துவக் காரணத்தோடு விளக்க வேண்டும். தொடையிலும் பிட்டத்திலும் பலமாக அடி விழுந்தால் தசை நசுங்கி, அதிலிருந்து வெளியேறும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். முதல் நாள் ஆள் நடப்பார், பேசுவார். சிறுநீர் மட்டும் கறுத்து, டீ டிக்காஷன் நிறத்தில் போகும், அளவும் குறையும். தலையில் அடிபட்டவருக்கும் இப்படித்தான். சில மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டு, உள்ளே ரத்தம் கட்டி, திடீரென்று சுருண்டு விழுவார். ஆகவே முதல் 48 மணி நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: யூரின் என்ன கலர்ல போகுது, வாந்தி வந்துச்சா, தலை வலிக்குதா, சாப்பிட்டியா? காவல் நிலையத்தில் வைக்கப்பட்டவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்னது. இல்லத்துக்குள் வந்த சிறுவனுக்கு அதைவிட அடிக்கடி பார்ப்பதுதான் முறை.

வாசலிலேயே கேட்க வேண்டிய இன்னொன்று: என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? வலிப்புக்கு மருந்து எடுக்கும் பையனைப் பிடித்துவந்த பரபரப்பில் மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடும். திடீரென்று மருந்து நின்றால், முன்பைவிடக் கடுமையாக வலிப்பு வரக்கூடும். வீட்டுக்குப் போன் போட்டு, பழைய சீட்டை வாட்ஸப்பில் வாங்கி, அன்றிரவு வேளையையே தவறவிடாமல் கொடுக்க வேண்டும். குடிப்பழக்கம் முற்றிய பையன்களும் வருகிறார்கள். குடி நின்ற இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல் என்று போகலாம். அதைத் திமிர் என்று எண்ணி ஊழியர் கை ஓங்கிவிடக் கூடாது. 'வலிப்பு வந்து இறந்தான்' என்ற வாக்கியம் காவல் மரணங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. வலிப்பு நோய் இருந்ததா, மருந்து கொடுக்கப்பட்டதா என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தால் அந்த வாக்கியத்தை உரசிப் பார்க்க முடியும்.

அடுத்து மாதாந்திரப் பரிசோதனை. ஒவ்வொரு குழந்தைக்கும் மாதந்தோறும் பார்த்த மருத்துவப் பதிவு, அதில் எடையும் உயரமும் இருக்க வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளரின் திறமை தெரிவது இங்கேதான். ஒரு இல்லத்தின் எடைப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று கட்டம். வரிசையாக இருந்த பையன்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு மாதமும் சரியாக ஒரு கிலோ கூடியிருந்தது. 41, 42, 43. அடுத்தவனுக்கு 46, 47, 48. மூன்று மாதத்துக்கும் ஒரே நீல மை, எழுத்துகள் ஒரே சாய்வு. பையன்களைக் கூப்பிட்டு நிறுத்தலாம் என்று எடை மெஷினைக் கேட்டபோது, ஸ்டோர் ரூமில் சாக்குக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார்கள். பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது.

இதைத் தடுக்க மேற்பார்வையாளர் செய்ய வேண்டியது எளிது. பதிவேட்டை மட்டும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பெயரை எடுக்க வேண்டும், அந்த ஐந்து பையன்களையும் வரச்சொல்ல வேண்டும். தன் கண்ணெதிரே எடை, முதுகு, விரலிடுக்கு, வாய் பார்க்க வேண்டும். பதிவேட்டில் 'தோல் இயல்பு' என்று இருந்து, விரலிடுக்கில் சொறி இருந்தால் அங்கேயே பேச்சைத் தொடங்கலாம். திட்டக் கூடாது. "சிஸ்டர், இது எப்ப பாத்து எழுதினீங்க? நேரம் கிடைக்கலைன்னா அதையே எழுதுங்க, நான் பதில் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட வேண்டும். பொய்யாக நிரப்பிய கட்டத்தைவிடக் காலியான கட்டம் எத்தனையோ மேல். ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்பதற்குக் காலியான கட்டம் ஆதாரம், அதைக் காட்டி மேலிடத்தில் ஆள் கேட்கலாம். நிரம்பிய பதிவேட்டைக் காட்டி யாரிடம் என்ன கேட்பது?

சொறி என்றதும் ஒன்று. அரிக்கிறவனுக்கு மட்டும் களிம்பு கொடுத்தால் அது எந்தக் காலத்திலும் போகாது. ஒரே அறையில் படுக்கும் எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து பாதம் வரை பெர்மெத்ரின் பூசி, மறுநாள் துணி, போர்வை, பாய் எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை. உணர்ச்சியற்ற வெளிர்திட்டு தெரிந்தால் தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும். அதற்கும் செங்கல்பட்டு இல்லங்கள் தொலைதூரம் போக வேண்டாம். லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கி, 1955-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துத் திருமணியில்தான் இருக்கிறது.

மருந்து இருப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக் முறை அரசு மருத்துவமனைகளுக்குப் பழக்கமானது. இல்லத்துக்கு வரும் மருந்தையும் அதே ஒழுங்கில் வரவு, செலவு, காலாவதித் தேதி என்று எழுதி மாதம் ஒருமுறை எண்ணினால் போதும். தூக்க மாத்திரையும் மனநல மருந்தும் மட்டும் தனிப் பூட்டு, தனி ஏடு. பையன்களை அடக்கிவைக்க அவை பயன்படவில்லை என்பதற்கு ஒவ்வொரு வேளைக்கும் மருத்துவரின் சீட்டு இருக்க வேண்டும்.

வெளி மருத்துவமனைக்கு அனுப்புவதில்தான் மோதல் வரும். மருத்துவர் 'அரசு மருத்துவமனைக்கு அனுப்பவும்' என்று எழுதுவார். வண்டி இல்லை, துணைக்குப் போக ஆள் இல்லை, ஓடிவிடுவான் என்று நிர்வாகம் சொல்லும். ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 27-ஆவது விதி, மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளர் மட்டுமே எடுக்க வேண்டும், சிறை நிர்வாகம் அதைத் தள்ளவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது. இதை நடைமுறையாக்க, அனுப்பச் சொன்ன நேரம், கிளம்பிய நேரம், மருத்துவமனையில் பார்த்த நேரம் என்று மூன்று கட்டம் கொண்ட ஏடு ஒன்று போதும். முதல் இரண்டுக்கும் நடுவே தாமதமானால் காரணத்தை இல்லத்தின் கண்காணிப்பாளர் தன் கையெழுத்தோடு எழுத வேண்டும். மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், நிற்காத வலிப்பு இவற்றுக்கு யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடலாம் என்ற எழுத்து ஆணையைச் செவிலியர் அறையிலும் காவல் அறையிலும் ஒட்டிவைக்க வேண்டும்.

காயம் தெரிந்தால் அடுத்த படி என்ன என்பதில் ஊழியருக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், பேச்சு வழக்கில் ஏ.ஆர்., பதிய வேண்டும். இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அன்றே எழுத வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் எழுந்தாலே போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் விடுவது 21-ஆம் பிரிவில் குற்றம். இல்லத்தின் ஊழியரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் சொல்கிறது. இந்தப் பிரிவுகளைப் பயமுறுத்தச் சொல்லித்தரக் கூடாது. சக ஊழியர் ஒருவர் "இதை எழுதாதீங்க சிஸ்டர், எல்லாரும் ஒண்ணாத்தானே வேலை பாக்கறோம்" என்று சொல்லும்போது, "எழுதலைன்னா நான் மாட்டிக்குவேன் சார்" என்று பதில் சொல்ல ஒரு பிடிமானமாக அவை இருக்க வேண்டும்.

பெரியவர்களின் காவலிலும் செங்கல்பட்டுக்குத் தனி வரலாறு உண்டு. இலங்கைத் தமிழர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம் இந்த ஊரில் பல ஆண்டுகள் நடந்தது. விடுதலை கேட்டு அங்கே உண்ணாவிரதங்கள் நடந்தன. உண்ணாவிரதம் இருப்பவரைக் கவனிப்பது தனிப் படிமுறை. தினமும் எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், போன சிறுநீர் இவற்றை எழுத வேண்டும். தனியாக, அதிகாரிகள் இல்லாத இடத்தில், அவர் விருப்பம் என்ன என்று மருத்துவர் கேட்டு எழுத வேண்டும். தெளிந்த மனத்தோடு மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக ஊட்டுவது மருத்துவ அறத்துக்கு மாறு என்பது உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா பிரகடனத்தின் நிலை. 1991-இல் ஏற்கப்பட்ட பிரகடனம் அது. உண்ணாவிரதம் முடிகிற நாள்தான் உடம்புக்கு ஆபத்தான நாள். பழச்சாறு கொடுத்துப் படம் பிடித்துவிட்டு எல்லாரும் கலைந்துவிடுவார்கள். பல வாரம் பட்டினி கிடந்த உடம்புக்குள் சர்க்கரை திடீரென்று போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும். முதலில் தயமின், பிறகு சிறுகச் சிறுக உணவு, சில நாள் மருத்துவமனை. இது அங்கிருக்கும் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மரணம் நேர்ந்தால் மேற்பார்வையாளரின் முதல் கடமை ஏடுகளைக் காப்பது. சேர்க்கைத் தாள், பதிவேடு, மருந்து ஏடு, மருத்துவமனைக்கு அனுப்பிய ஏடு எல்லாவற்றையும் அந்த நிமிடமே கைப்பற்றி, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு நேரம் எழுதி, படம் எடுத்து, பூட்டில் வைக்க வேண்டும். அதன்பின் அதில் ஒரு எழுத்துகூடச் சேரக் கூடாது. பெற்றோருக்கும் குழுமத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அனுப்பிய காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவாக இருந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் இருக்கிறது. பெற்றோரிடம் சொல்லும்போது காரணத்தை ஊகித்துச் சொல்லக் கூடாது. எப்போது, எங்கே, யார் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லி, பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை படிகளும் நடக்க ஊழியர்கள் பயமில்லாமல் இருக்க வேண்டும். நான் இந்தப் பொறுப்பில் முக்கியமாக நினைப்பது இதைத்தான். இல்லத்தின் செவிலியர், கண்காணிப்பாளரின் கீழ் விடுப்பு கேட்டு, அவரிடமே ரகசியக் குறிப்பு வாங்கி, அவருடைய ஊழியர் அடித்ததாக எழுதவும் வேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்? அவர்களின் பணி மதிப்பீடு, விடுப்பு, இடமாற்றம் மூன்றும் சுகாதாரத் துறையின் வரிசையில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் போன்ற ஒருவருக்கு நேராக எழுதும் வழி வேண்டும். அதுவரை மேற்பார்வையாளர் தன் அளவில் செய்யக்கூடியது உண்டு. காயக் குறிப்பின் நகல் ஒன்று இல்லத்தில் தங்காமல் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று ஆணையிடலாம். குறிப்பு எழுதியவர் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டு மேலே அனுப்பலாம். அப்போது கேள்வி வந்தால் இருவருக்கும் வரும்.

வெளியாட்களும் உதவிக்கு உண்டு. இளைஞர் நீதிக் குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தைப் பார்வையிட வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி அமையும் ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, மூன்று பேருக்குக் குறையாமல் வர வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும், ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும். அவர்கள் வரும் நாளில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் பாயாசம் வைப்பதும் பழைய வழக்கம். மேற்பார்வையாளர் அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது ஒரே தாள்: போன முறை சொன்னதில் எது எது இன்னும் நடக்கவில்லை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். எடை மெஷின் வாங்கவில்லை என்றால் அது முதல் வரியில் இருக்க வேண்டும். வாங்கும் வரை ஒவ்வொரு மாதமும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.